ரீஃபை வயலுக்குத் தயார் செய்த கதை

காலை ஐந்தரை மணிக்கு பெங்களூர் ஜீவனஹள்ளியில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள்: "மேடம், வேட்டைக்கா பழக்குறீங்க?" கழுத்தில் விசில், தோளில் காக்கிப் பை, பைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் துணி உருளைகள், இடது காலை ஒட்டி நடக்கும் என் மஞ்சள் லேப்ரடார் ரீஃப். கேட்கத்தான் தோன்றும். பால் பூத் அண்ணனிலிருந்து எதிர்வீட்டுத் தாத்தா வரை எல்லோருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதி வைக்கிறேன். வேட்டை நாய்க்கு உண்டான எல்லாப் பாடமும் ரீஃபுக்கு உண்டு. வேட்டை மட்டும் கிடையாது.

1972 வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆரம்பத்தில் சிலவற்றுக்கு உரிமம் வாங்கிச் சுட இடம் இருந்தது. 1991 திருத்தம் அந்தக் கதவையும் சாத்திவிட்டது. கௌதாரி, காடை, காட்டுக்கோழி எதையும் தொடக்கூடாது. துப்பாக்கி கையில் இருந்தால்தான் வேட்டை என்றும் இல்லை. துரத்துவதும் விரட்டுவதும் கூட்டையும் முட்டையையும் கலைப்பதும்கூட சட்டத்தின் கணக்கில் வேட்டைதான். எனக்கு இந்தச் சட்டம் பிடிக்கும். எங்கள் கோலார் பக்கம் இன்றைக்கும் விடியற்காலையில் கௌதாரி கூப்பிடுவதைக் கேட்க முடிகிறது என்றால் அதில் இந்தச் சட்டத்துக்கும் பங்கு உண்டு என்று நம்புகிறேன்.

ஆனால் லேப்ரடாரின் உடம்புக்குள் வேறொரு கணக்கு ஓடுகிறது. நியூஃபவுண்ட்லாந்து தீவு மீனவர்களின் நாய்களிலிருந்து வந்த இனம் இது. வலையிலிருந்து நழுவிய மீனையும் தண்ணீரில் மிதக்கும் கயிற்றையும் கடலில் குதித்துக் கவ்வி வந்த நாய்கள். 19ஆம் நூற்றாண்டில் கப்பலேறி இங்கிலாந்து போய், சுட்டு விழுந்த பறவையை எடுத்துவரும் வேலைக்கு மாறின. 1903இல் பிரிட்டன் கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. பாயிண்டர் பறவை இருக்கும் இடத்தைக் காட்டி உறைந்து நிற்கும். ஸ்பானியல் புதரைக் கலைத்துப் பறக்க வைக்கும். லேப்ரடார் போன்ற ரெட்ரீவர் விழுந்ததைத் தேடி, சிதைக்காமல் கொண்டுவந்து கையில் கொடுக்கும். அமெரிக்காவில் புல்வெளிப் பறவை வேட்டைக்குப் போகிறவர்கள் லேப்ரடாரையே முன்னால் விட்டு, இருபது முப்பது மீட்டருக்குள் குறுக்கும் நெடுக்குமாகத் தேட வைத்து, கலைப்பதையும் எடுத்துவருவதையும் அதனிடமே வாங்கிக்கொள்கிறார்கள். இவ்வளவும் ரத்தத்தில் இருக்கிற நாயை இரண்டு படுக்கையறை வீட்டில் வைத்துக்கொண்டு, காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று என்று முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. பிரிட்டனில் பறவையே இல்லாமல், அதற்குப் பதில் வீசும் கான்வாஸ் உருளையான டம்மியை மட்டும் வைத்து ரெட்ரீவர்களுக்குத் தேர்வு நடத்துகிறார்கள். அதே வழியில் ரீஃபைத் தயார் செய்து, ஒரு நாள் காலை நிஜமான வயலில் வேலை செய்ய விட வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். அதற்குப் பதினாறு மாதம் ஆனது.

இந்த ஆசைக்கு விதை போட்டவர் என் அம்மாவைப் பெற்ற தாத்தா. நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். தாத்தா சுரங்கத்துக்குள் இறங்கும் வயசு வருவதற்கு முன்னால், ஜான் டெய்லர் கம்பெனி காலத்தில், ஒரு துரை பங்களாவில் நாய்ப் பையனாக இருந்தார். துரை ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரிக்கரைக்கு உள்ளான் பறவை சுடப் போவார், மேட்டு நிலத்தில் கௌதாரி சுடப் போவார். நாய்களைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடப்பது தாத்தாவின் வேலை. சாம்பியன் ரீஃப் லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து அவர் சொன்ன கதைகளில் துப்பாக்கி எனக்கு ஞாபகமே இல்லை. நாய்தான் ஞாபகம். "சுடற சத்தம் கேட்டதும் ஓடற நாய் நாயே இல்ல. கேட்டும் உக்காந்திருக்குது பாரு, அதான் நாய்" என்பார். எங்கள் ரீஃபுக்குப் பெயர் வந்ததும் அந்த ஊரிலிருந்துதான். தங்கம் ஓடும் பாறைப் படுகையை அங்கே ரீஃப் என்பார்கள். தங்க நிறக் குட்டிக்கு வேறு பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. அம்மா மட்டும் "ரீப்பு" என்று கூப்பிடுவாள்.

முதலில் சொற்களில் இடறினேன். தமிழில்தான் பழக்குவது என்று முடிவு. எடு, விடு, தேடு. சின்னச் சொற்கள், எனக்கு வாயில் நிற்கும் சொற்கள். ஒரு மாதம் கழித்துத்தான் புரிந்தது: மூன்றும் "டு"வில் முடிகின்றன. நாய் சொல்லின் பொருளைப் பிடிப்பதில்லை, ஓசையைப் பிடிக்கிறது. தூரத்திலிருந்து கத்தும்போது அவளுக்கு எட்டுவது கடைசி ஓசை மட்டும்தான். எடு என்றால் விட்டுவிட்டாள், விடு என்றால் இன்னும் இறுக்கிக் கவ்வினாள். குற்றம் அவளுடையது இல்லை. எல்லாவற்றையும் கலைத்துவிட்டுப் புதிதாக வைத்தோம். உட்கார்ந்து அசையாமல் இருக்க "இரு". எடுத்துவர "கொண்டா". கையில் கொடுக்க "தா". மூக்கால் துழாவ "தேடு". நான்கும் வேறு வேறு ஓசை. வீட்டில் யாரும் வேறு சொல் பயன்படுத்தக்கூடாது என்று ஃப்ரிட்ஜ் மேல் எழுதி ஒட்டினேன். என் வீட்டுக்காரர் மலையாளி. அவர்தான் இதில் என்னைவிடக் கறாராக இருந்தார்.

தூரத்துக்குச் சொல் போதாது, விசில் வேண்டும். எங்கள் தெருவில் இரவுக் காவலர் இரண்டு மணிக்கு ஊதிக்கொண்டு போவார், பானஸ்வாடி ரோட்டில் டிராஃபிக் போலீஸ் ஊதுவார். உள்ளே பட்டாணி உருளும் சாதா விசிலில் பழக்கினால் தெருவில் யார் ஊதினாலும் இவள் உட்காருவாள். அதனால் பட்டாணி இல்லாத ஏக்மி 211½ வாங்கினேன். அந்த எண் சுருதியைக் குறிப்பது. தொலைந்துபோனால் அதே எண்ணில் இன்னொன்று வாங்கலாம், நாய்க்கு வித்தியாசம் தெரியாது. ஒரு நீள ஊதல் என்றால் எங்கே இருக்கிறாயோ அங்கேயே உட்கார். குட்டிக் குட்டியாக நாலைந்து ஊதல் என்றால் திரும்பி வா.

அந்த ஒரு நீள ஊதலுக்குத்தான் பதினாறு மாதத்தில் பாதியைக் கொடுத்தேன். எடுத்துவருவதை லேப்ரடாருக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். ஒன்பது வாரத்தில் என் செருப்பை எடுத்து வந்தாள். நிற்கத்தான் கற்றுத்தர வேண்டும். சோற்றுத் தட்டுக்கு முன்னால் நின்றாள். கதவு திறந்தும் நின்றாள். எறிந்த டம்மி காற்றில் போய்க்கொண்டிருக்கும்போது நின்றாள். பத்து எறிந்தால் ஆறை நானே நடந்து போய் எடுத்து வருவேன். அவள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். விழுகிறதெல்லாம் தனக்கில்லை என்று தெரிந்த நாய்தான் விழும் இடத்தைக் கவனித்துப் பார்க்கும். ஹெண்ணூர் தாண்டி வீடு எழும்பாத ஒரு லேஅவுட்டில், காவலரிடம் சொல்லிவிட்டு, வாரத்தில் மூன்று நாள் இதையே செய்தோம்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பெங்களூரில் திறந்த வெளி என்றதும் பலருக்கு ஹெசரகட்டா புல்வெளி ஞாபகம் வரும். தயவுசெய்து அங்கே நாயை அவிழ்த்து விடாதீர்கள். வானம்பாடிகள் தரையில் கூடு வைக்கும் இடம் அது. குளிர்காலத்தில் வரும் பூனைப்பருந்துகள் இரவில் புல்லுக்குள் தரையில்தான் ஒடுங்கும். உங்கள் நாய்க்கு அரை மணி நேர விளையாட்டு, அவற்றுக்கு அந்த ராத்திரியே போய்விடும்.

சத்தத்தின் கதை கசப்பானது. ரீஃபுக்கு ஏழு மாதம் ஆனபோது ஒருவரிடம் பயிற்சிக்கு விட்டிருந்தோம். வேட்டை நாய்க்குச் சத்தப் பயம் இருக்கக்கூடாது என்று சொல்லி, கூண்டுக்குப் பக்கத்திலேயே சரவெடி கொளுத்தினாராம். ஒரே நாளில் தெளிந்துவிடும் என்றார். வீட்டுக்கு வந்தவள் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் புகுந்துகொண்டு மறுநாள் மதியம் வரை வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு குக்கர் விசிலுக்கு நடுங்கினாள். காற்றில் கதவு அடித்தால் இருந்த இடத்திலேயே மூத்திரம் போனாள். அவரிடம் போய்ச் சண்டை போட்டேன். பணம் திரும்ப வந்தது, நாய் திரும்ப வர ஆறு மாதம் ஆனது. சத்தத்துக்கு மிரளும் நாய் எல்லாமே பிறவியிலேயே அப்படி வருவதில்லை, மனிதர்கள் அப்படி ஆக்கிவிடுவதும் உண்டு. இதை எத்தனை பேரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

திரும்பக் கொண்டுவந்த வழி இதுதான். அவள் சாப்பிடும்போது வீட்டின் கடைசி அறையில் என் மகள் ஒரு எவர்சில்வர் கரண்டியைக் கீழே போடுவாள். ரீஃப் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சாப்பிட்டால் சரி. சாப்பாட்டை நிறுத்திவிட்டால் அந்தத் தூரம் இன்னும் போதவில்லை; அடுத்த நாள் கதவைச் சாத்திவிட்டுப் போடுவோம். கரண்டி தட்டாகி, தட்டு தாம்பாளமாகி, அறை அறையாக நெருங்கி வர இரண்டு மாதம். பிறகு வெளியில். மகள் எண்பது மீட்டர் தள்ளி நின்று இரண்டு மரப்பலகைகளைச் சேர்த்து அடிப்பாள், அடித்த கையோடு டம்மியை வானத்தில் வீசுவாள். சத்தம், உடனே ஒரு டம்மி. சத்தம், உடனே ஒரு டம்மி. பலகைக்குப் பின் பொட்டுத் துப்பாக்கி. அவசரப்பட்டு ஒரு நாளில் இருபது மீட்டர் குறைத்ததற்கு ஒரு வாரம் பின்னால் போக வேண்டியிருந்தது. துப்பாக்கியே இல்லாத வேலைக்கு இது எதற்கு என்று கேட்கலாம். கோலார் பக்கம் கல் குவாரிகளில் வெடி வைப்பார்கள். பன்றியை விரட்ட ராத்திரியில் பட்டாசு போடுவார்கள், கிளியை விரட்டத் தகரம் தட்டுவார்கள். தெரியாத நிலத்தில் மிரண்டு ஓடிய நாய் திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

அந்த வருடத் தீபாவளிக்கு முதல் இரண்டு நாள் ஜன்னலெல்லாம் அடைத்து, ஃபேனைச் சத்தமாக ஓடவிட்டு, கட்டிலுக்கடியில் இடம் கொடுத்தோம். மூன்றாம் நாள் சாயங்காலம் வாசலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துத் தெருவில் ராக்கெட் ஒன்று வெடித்தது. காது பின்னால் போகவில்லை, வால் ஒடுங்கவில்லை. தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தாள். எங்கே விழப்போகிறது என்று தேடினாள். நான் உள்ளே போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன்.

டம்மி தைத்தது பழைய ஜீன்ஸ் காலில், மரத்தூளும் துணியும் அடைத்து. கடையில் கிடைக்கும் வழக்கமான டம்மி ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம். கௌதாரி 300 கிராம் சுற்றித்தான் இருக்கும். ஆனாலும் கொஞ்சம் கனமாக இருந்தால்தான் நடுவில் சரியாகக் கவ்வும் பழக்கம் வரும். இறகு வாசனைக்கு ரஸ்ஸல் மார்க்கெட்டில் பண்ணைக் காடை விற்கும் கடையில் தோலோடு கழித்துப் போடும் இறக்கைகளைக் கேட்டு வாங்கினேன். உப்பில் புதைத்துக் காயவைத்து டம்மியில் கட்டினேன். காட்டுப் பறவையின் இறகைப் பொறுக்கி வைக்க வேண்டாம், பண்ணைக் காடை போதும். முதல் தடவை இறகை வாயில் வைத்ததும் துப்பிவிட்டாள். இறகுகள் நாக்கில் ஒட்டிக்கொண்டதில் முகத்தையே கோணினாள். நாலாவது நாள் பழகிவிட்டது.

வாய் மென்மைக்குத் தாத்தா சொன்ன சோதனை கோழி முட்டை. சமையலறையில் பச்சை முட்டையைத் தரையில் வைத்து "கொண்டா" என்றேன். முட்டையைச் சுற்றி வந்தாள், மோந்தாள், மூக்கால் உருட்டினாள். பிறகு தலையைச் சாய்த்து, முன்பற்களுக்குப் பின்னால் நாக்கின் மேல் ஏந்திக்கொண்டு, உதடு இரண்டு பக்கமும் பொத்தியிருக்க, ஹால் முழுவதும் நடந்து வந்து, "தா" என்றதும் என் உள்ளங்கையில் இறக்கினாள். எச்சிலில் வழவழவென்று, சூடாக, ஒரு கீறல் இல்லாமல். கவ்வி இழுக்கும் விளையாட்டை நாங்கள் குட்டியிலிருந்தே விளையாடியதில்லை. அதன் பலன் அது.

என் தொழில் பிசியோதெரபி. அதனால் உடம்பு விஷயத்தில் எனக்குச் சமரசம் கிடையாது. ஒரு வயது வரை குதிக்கவும் விடவில்லை, நீண்ட ஓட்டமும் இல்லை. எலும்பு வளரும் நுனிகள் மூடும் வரை மூட்டைக் காப்பாற்ற வேண்டும். பிறகு எடை. லேப்ரடார்களில் ஏறக்குறைய நாலில் ஒன்றுக்கு பாம்சி என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று 2016இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அந்த நாய்களுக்கு எவ்வளவு தின்றாலும் நிறைவு வராது. ரீஃப் அந்தக் கணக்கில் வருகிறாளோ என்னவோ, அம்மா வீட்டுக்குப் போய் வந்தால் ஒரு கிலோ ஏறிவிடும். 31 கிலோவிலிருந்து 27.5க்கு இறக்க ஐந்து மாதம் ஆனது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியக்கூடாது, விரலுக்குத் தெரிய வேண்டும். அதுதான் அளவு.

இன்னொரு சோதனையையும் எடுத்துவிட்டுத்தான் ஓட்டத்தைக் கூட்டினேன். சில லேப்ரடார்களுக்கு உற்சாகமாக ஓடும்போது, ஐந்து முதல் பதினைந்து நிமிடத்துக்குள் பின்னங்கால்கள் துவண்டு விழும். காரணமான மரபணுவை 2008இல் அடையாளம் கண்டார்கள். தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்தால்தான் நோய். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சால் தேய்த்து அனுப்பினால் முடிவு வந்துவிடும். ரீஃபுக்கு இல்லை. அதன் பிறகு எட்டு வாரம், இருபது நிமிட நடையோட்டத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை. சிமெண்டுத் தரையில் வளர்ந்த பாதம் என்பதால் வாரம் இரண்டு நாள் ஜல்லி மண்ணில் நடை. பாதத் தோல் தடிக்கவும் நாள் வேண்டும், அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

தங்கவயல் பக்கம் இருக்கும் என் தாய்மாமாவின் நிலத்துக்குப் போன ஜனவரியிலேயே போயிருக்க வேண்டியது. கிளம்ப நான்கு நாள் இருக்கும்போது பருவத்துக்கு வந்துவிட்டாள். மூன்று வாரம் வெளியே விட முடியாது. அதற்குள் வெயில் ஏறிவிடும், ஏப்ரலிலிருந்து கௌதாரி முட்டை வைக்கும் காலம், பிறகு மழை, விதைப்பு. ராகி அறுத்து முடிகிற அடுத்த டிசம்பர் வரை காத்திருந்தோம். அந்த ஒரு வருடம் அவளுக்கு நல்லதாகவே போனது.

போவதற்கு ஒரு மாதம் முன்பு மருத்துவரிடம் காட்டி, வெறிநாய்க்கடி ஊசி, எலிக்காய்ச்சல் தடுப்பூசி நாள் சரிபார்த்து, உண்ணி மருந்து கொடுத்தோம். தங்கவயலில் பாம்புக்கடி மருந்து எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேட்டு வைத்தேன். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்த மருந்துதான் நாய்க்கும் போடுவது. கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம். நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். 27 கிலோவைத் தூக்கிக்கொண்டு மாமா வீட்டு வாசலிலிருந்து கார் வரை நடந்து பார்த்தேன்.

சனிக்கிழமை மதியமே போய்விட்டோம். ஹொஸ்கோட்டை தாண்டியதும் ஒரு தடவை வாந்தி, அவ்வளவுதான். அன்று சாயங்காலம் ரீஃபைக் கட்டிப்போட்டுவிட்டு மாமாவோடு நிலம் முழுவதும் நடந்தேன். மாமாவுக்கு இதெல்லாம் புரியவில்லை. "இன்னாம்மா இது, நாயிக்குப் போயி இம்மாம் ஏற்பாடு" என்றார். நான் தேடியது மூன்று: கல் குவியல், புற்று, கிணறு. டிசம்பர் காலையில் பாம்பு வெயில் காய்வது கல் மேல்தான். கிணறு அதைவிடப் பெரிய பயம். எங்கள் பக்கத்தில் வற்றிப்போன கிணறுகள் சுற்றுச்சுவர் இல்லாமல் தரையோடு தரையாகக் கிடக்கும். மாமா நிலத்தின் மேற்கு மூலையில் ஒன்று இருக்கிறது, எட்டிப் பார்த்தால் அடி தெரியாது. அந்தப் பக்கம் போவதே இல்லை என்று முடிவு செய்து சிவப்புத் துணி கட்டினேன்.

ஞாயிறு காலை ஆறேகால், நல்ல பனி. ரீஃப் முந்தின இரவு சாப்பிட்டதோடு சரி, காலையில் வயிற்றில் ஒன்றும் இல்லை. அறுத்த ராகித் தாள் கணுக்கால் உயரத்துக்கு நின்றது. ஊடுபயிராகப் போட்ட அவரை மட்டும் சாலுக்குச் சால் பச்சையாக. பனியில் நனைந்த அவரைக்கு ஒரு எண்ணெய் வாசம் உண்டு, கன்னடத்தில் சொகடு என்பார்கள். எனக்கே மூக்கு நிறைந்தது. ரீஃபுக்கு எப்படி இருந்திருக்கும்! எலி, முயல், மாடு, கௌதாரி, அவரை எல்லாம் சேர்ந்து தாக்கியதில் முதல் பத்து நிமிடம் அவள் காதே கேட்கவில்லை. "இரு" என்றால் என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தாள். வேலையைத் தொடங்கவில்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டேன், அவளும் பக்கத்தில். இருபது நிமிடம் ஒன்றுமே செய்யவில்லை. மெதுவாக மூச்சு இறங்கியது. ஒரு தடவை திரும்பி என் கண்ணைப் பார்த்தாள். அப்போதுதான் எழுந்தேன்.

காற்று கிழக்கிலிருந்து. கிணற்று மூலையை விட்டுவிட்டு, மேற்கிலிருந்து எதிர்காற்றில் ஏறினோம். முதல் டம்மியை மாமா வீசினார், ரீஃப் பார்த்தாள், "கொண்டா", நேராகப் போனாள், கவ்வினாள், பாதி வழியில் கீழே போட்டாள். எனக்கு வயிறு கலங்கியது. கூப்பிட்டு வாயைத் திறந்து பார்த்தால் மேல் உதட்டின் உள்பக்கம் ஊசிப்புல் ஒன்று குத்தி நின்றது. அந்தப் புல்லின் விதைக்கு முனையில் பின்னோக்கிய ரோமம் உண்டு, உள்ளே போகத்தான் தெரியும், வெளியே வரத் தெரியாது. விரல் நகத்தால் உதட்டைப் பிதுக்கி, குத்திய வழியிலேயே நேராக வெளியே இழுத்தேன். ஒரு துளி ரத்தம். மறுபடி அனுப்பினேன். கொண்டுவந்து தந்தாள்.

இரண்டாவது டம்மி அவள் பார்க்காமல் வைத்தது, காடை இறகு கட்டியது. "தேடு" என்றேன். இடதும் வலதுமாகப் போய்க்கொண்டிருந்தவள் ஒரு அவரைச் சாலைத் தாண்டும்போது தலை மட்டும் படக்கென்று திரும்பியது, மூக்கில் நூல் கட்டி யாரோ சுண்டியது போல. உடம்பு இன்னும் முன்னால் போய்க்கொண்டிருந்தது, தலை பின்னால். வால் வேகம் பிடித்தது. டம்மி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். டம்மி இன்னும் பத்து மீட்டர் தள்ளி இருந்தது என்பது ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் அவரைக்கு அடியிலிருந்து ஐந்தாறு கௌதாரிகள் விர்ரென்று எழுந்தன, அவள் முகத்துக்கு இரண்டு மீட்டர் முன்னால்.

இது நான் விரும்பியது இல்லை. கௌதாரிகள் ராத்திரி அடையும் முள்மரங்களை மாமா காட்டியிருந்தார், அவை மேய இறங்கும் நேரம் ஆகவில்லை என்று கணக்குப் போட்டிருந்தேன். கணக்கு தப்பிவிட்டது. ரீஃப் பாய்ந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று எட்டு. நான் ஊதினேன், ஒரே நீள ஊதல்.

உட்கார்ந்தாள். கோணலாக, ஒரு தொடை மேல், முன்னங்கால் ஒன்று இன்னும் தூக்கியபடி. உடம்பு முழுவதும் நடுங்கியது. அவள் தொடைத் தசை துடிப்பது பதினைந்து மீட்டரிலிருந்து எனக்குத் தெரிந்தது. கண் பறவைகளின் மேலேயே இருந்தது. அவை தாழப் பறந்து தூரத்து வேலிக்குள் இறங்கின. அவை போய் இறங்கிய இடத்தைப் பார்த்துவிட்டு, கடைசியில் என்னைப் பார்த்தாள். மாமா வரப்பில் கையில் டம்மியோடு அப்படியே நின்றார். "எங்கப்பா சொல்வாரே" என்றார், அதற்கு மேல் சொல்லவில்லை.

கயிறு போட்டு, அந்தப் பக்கத்தையே விட்டுவிட்டு, நிலத்தின் மறுகோடிக்குப் போனோம். பறவைகள் திரும்பி வந்து மேயட்டும் என்று. அங்கே ஆறு டம்மி. நாலைச் சுத்தமாக எடுத்தாள், ஒன்றுக்கு நான் கை காட்ட வேண்டி வந்தது, ஒன்றை மாமா போய் எடுத்தார், அவள் உட்கார்ந்து பார்த்தாள். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீர். எட்டரைக்கு வெயில் உறைக்க ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டேன். அவள் இன்னும் ஒரு மணி நேரம் செய்திருப்பாள். வெப்பமானி 39.4 காட்டியது. ஓடிய நாய்க்கு அது இயல்பு; 41ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து. நிழலில் பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டது.

மதியம் சாம்பியன் ரீஃபில் அம்மா வீட்டுத் தரையில் தினத்தாளை விரித்து ரீஃபைப் படுக்க வைத்தேன். விரலிடுக்கு, அக்குள், வால் அடி, காது மடல் என்று வரிசையாகச் சீப்பால் வாரினேன். பதினேழு ஊசிப்புல், நெருஞ்சி நாலு, உண்ணி இரண்டு. இடது காதுக்குள் ஒன்று பாதி இறங்கியிருந்தது. மகள் செல்போன் வெளிச்சம் பிடிக்க, இடுக்கியால் எடுத்தேன். அன்றைக்கே பார்க்காமல் விட்டிருந்தால் செவ்வாய்க்கிழமை தலையை ஆட்டிக்கொண்டு நின்றிருப்பாள். அம்மா ராகிக் களி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் முடிக்கும் வரை காத்திருந்தாள். "என் ரீப்புக்கு" என்றாள். பாதி கொடுக்க அனுமதித்தேன்.

புதன்கிழமை ராத்திரி மாமா போன் செய்தார். கிணற்றைச் சுற்றி முள் வேலி போட்டுவிட்டாராம், கல் தூண் நட்டு. பொங்கலுக்கு எப்போது வருகிறோம் என்று கேட்டார். "நாயி வர்ற எடத்துல கெணத்த அப்பிடியே உடலாமா" என்றார்.